நெவின்ஸ் என்னும் பெயர்

பெயர் மக்கட்கு இருவகையாற் பயன்படுகின்றது. ஒருவனைப் பிறரினின்றும் பிரித்தறிதற்கு உதவுவது ஒன்று. அவன் இன்ன வழியினன் எனச் சேர்த்தறிதற்கு உதவுவது மற்றொன்று. தமிழர் முன்னதற்கு இயற்பெயரையும், பின்னதற்குத் தந்தை பெயரையும் கொண்டனர். ஆங்கிலர் பின்னதற்குக் குடும்பப்பெயரைக் கொண்டனர். தந்தை பெயர் தலைமுறைதோறும் மாறுவது. குடும்பப்பெயரோ பாட்டனிடமிருந்து பேரனுக்கு மாறாது செல்வது. தமிழர் பெயரில் தந்தை முன்னும் மகன் பின்னும் நிற்பர். ஆங்கிலர் பெயரில் மகன் முன்னும் குடும்பம் பின்னும் நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஈழத்தின் வடபால், இவ்விரு முறைகளும் ஒன்றையொன்று எதிர்ப்பட்டன. சைவப் பிள்ளைகள் பலர் ஆங்கிலக் குடும்பப்பெயர் தாங்கியவராய்ப் பாடசாலையினின்றும் வெளிவந்தனர். அப்பெயர்களுள் ஒன்று ‘நெவின்ஸ்’ என்பது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் தொடக்க வரலாற்றில் அப்பெயர் தந்தை, மகன் என்னும் இருவரிடத்துங் காணப்படுதலின், அதன் பிறப்பையும் போக்கையும் அறிவது இந்துக் கல்லூரி மாணவர்க்குப் பொருத்தமுடையதேயாகும்.

ஆங்கிலர் குடும்பப்பெயர் பெற்ற வரலாறு

ஆங்கிலர்க்கும் ஆதியிற் குடும்பப்பெயர் இல்லை. கி.பி. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்ற காலத்தில், அந்நாட்டுக் குடியானவன் ஒற்றைப் பெயரே உடையவனாயிருந்தான். நிலமுடையோர் சிலர் தம் ஊர்ப்பெயரைச் சேர்த்து வழங்கினர். 1086இல் நிலங்களையெல்லாம் அளந்தெழுதிய பேரேட்டில் இவ்வழக்குப் பரந்து காணப்படுகின்றது. பின்னர்த் தலைவரி தண்டுவோர் 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் ஊர்தோறும் ஆட்களைப் பதிந்தனர். ஓரூரில் யோவான் என்னும் பெயருடையார் பத்துப்பேர் இருப்பின், வரி செலுத்தியவன் எந்த யோவான் என்று குறித்தல் வேண்டுமன்றோ? ஆதலின், அவன் தொழிலையோ இருப்பிடத்தையோ தந்தை பெயரையோ எழுத்தர் சேர்த்தெழுதினர். அவ்வாறு எழுதப்பட்டது நாளடைவில் மகனுக்கும் பேரனுக்கும் நின்றது. 1538இல் ஒவ்வொரு கோயிற்பற்றும் பிறப்பு, மணம், இறப்புப் பதிவேடு வைத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டபின், பெயர் மேலும் நிலைபெற்றது. குருதியினும் பார்க்க ஏட்டின் எழுத்தே குடும்பப்பெயரை ஆக்கிற்று எனின் அது மிகையாகாது.

இப்பெயர்களின் வகைகளை விளக்க வேற்றிடம் போதல் வேண்டா. வன்னி வரலாற்றிற் பயின்ற பெயர்களே போதியன. வடமாகாணத்து அரசாங்க அதிபராய் 1829 முதல் 1867 வரை, இடையீடு சிறிது உளதாக, ஆட்சி செலுத்திய டைக் என்பாரின் பெயர் இடம்பற்றியது. அகழியையும், அகழ்ந்த மண்ணால் எழுந்த அணையையும் பழைய ஆங்கிலம் ஒரு சொல்லாற் குறித்தது. அதனருகே குடியிருந்தவன் அப்பெயர் பெற்றான். குளக்கட்டடியில் வாழ்வோரை அவ்விடத்தாற் சுட்டும் வன்னி மக்களுக்கு இஃது எளிதில் விளங்கும். 1869 முதல் 1896 வரை அப்பதவி வகித்த துவைனம் என்பாரின் பெயர், இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட ஊர் என்னும் பொருளது. தமிழர் ஆற்றிடைக்குறை என்பது அதனோடொக்கும். வன்னிக் குளங்களை ஆராய்ந்து, 1909இல் ‘பண்டைய இலங்கை’ என்னும் பொருளமைந்த பெருநூலை வெளியிட்ட நீர்ப்பாசனப் பகுதி உத்தியோகத்தர் பாக்கர் என்பாரின் பெயர் தொழில்பற்றியது. பிரபுக்களின் வேட்டைக்காட்டைக் காத்தவன் பாக்கர் எனப்பட்டான். 1895இல் வன்னி மாவட்டங்களின் கைந்நூலை எழுதிய லூயிஸ் என்பாரின் பெயர் முன்னோன் இயற்பெயர்பற்றியது. ‘புகழ்மிக்க போர்’ என்னும் பொருள்தரும் பழைய செருமானியப் பெயர் பிரெஞ்சு வழியாக வந்து அவ்வாறு திரிந்தது. வேல்சு நாட்டிலோ லெவெலின் என்னும் தம் பெயருக்கு ஈடாகவும் அதனை வழங்கினர். இவையன்றிப் பட்டப்பெயர்பற்றிய வகையும் ஒன்றுண்டு. வட்டுக்கோட்டைச் செமினறியின் முதல்வராயிருந்த தானியேல் பூவர் என்பாரின் குடும்பப்பெயர் ‘வறியவன்’ என்னும் பட்டத்தின் வழிவந்தது என்பர்.

வேல்சு நாட்டின் செய்தி தமிழர் ஊன்றி நோக்கத்தக்கது. அந்நாட்டார் பதினாறாம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் தந்தை பெயரையே வழங்கினர். ‘மகன்’ எனப் பொருள்படும் ‘அப்’ என்னுஞ் சொல்லை இடையிட்டு, மகன், தந்தை, பாட்டன், பூட்டன் என அடுக்கிக் கூறுதல் அவர் மரபு. ஆங்கில நீதிமன்று ஒன்றில், இவ்வாறு நீண்ட பெயர் கூறிய தோமசு என்பவனை நோக்கி, அதிகாரி சலிப்புற்று, அவன் வீட்டின் பெயராகிய மோஸ்தினையே இனிப் பெயராகக் கொள்க எனப் பணித்தார் என்றும், அதுவே அவன் வழியினர்க்குக் குடும்பப்பெயராயிற்று என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது. ‘அப் றைஸ்’ என்பது பிறைஸ் எனவும், ‘அப் ஹவெல்’ என்பது பவெல் எனவும் திரிந்து நிலைத்தன. ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தர்க்கு இன்னாரின் மகன் என்னும் பொருள் புலப்படவில்லை. அவர் செவிக்குப் புலப்பட்டது ஒலி மாத்திரமே.

நெவின்ஸ் என்பதன் வேர்

நெவின்ஸ் என்னும் பெயர் ஆங்கிலத்தில் வழங்கினும் ஆங்கிலச் சொல்லன்று. அதன் வேர் அயர்லாந்திலும் ஸ்கொத்லாந்திலும் பேசப்பட்ட கேலிக் மொழியில் உள்ளது. அம்மொழியில் தூயவரைக் குறிக்கும் சொல் ‘நீவ்’ என்றாற்போல ஒலிப்பது. அதனோடு சிறுமை குறிக்கும் விகுதி சேரச் ‘சிறு தூயோன்’ என்னும் பொருள்தரும் இயற்பெயர் பிறந்தது. அப்பெயருடையான் வழியினர் ‘மக்’ என்னும் மகன்மைச் சொல்லை முன்னே சேர்த்து வழங்கினர். ஸ்கொத்லாந்தில் அது நிவென், மக்நிவென் என்றும், அயர்லாந்தில் நெவின் என்றும் ஆங்கில எழுத்திற் பதியப்பட்டது.

அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் வேறொரு குடும்பத்தார்க்கு, எலும்பு என்னும் பொருளுடைய சொல்லடியாகப் பிறந்த பெயர் இருந்தது. ஆங்கில எழுத்தர் அதனையும் நெவின் என்றே எழுதினர். இதனால் வேர் வேறாகிய இரண்டு பெயர்கள் ஏட்டில் ஒன்றாயின. தூயோன் வழியினனும் எலும்பு என்னும் பெயரோன் வழியினனும், பின்வந்தோர் பிரித்தறியாவண்ணம், ஒரே குடும்பப்பெயருடையராயினர். பெயரொற்றுமை கொண்டு உறவு கூறலாகாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. இறுதியில் நிற்கும் சகர ஒலி ஆங்கிலர் சேர்த்தது. வில்லியம்ஸ், றொபேட்ஸ் என்பவற்றிற்போல, ‘இன்னாருடைய மகன்’ என்பதைக் குறிப்பது.

இப்பெயர் பூண்ட குடும்பத்தார் சிலர் அமெரிக்கா சென்றனர். அங்கு வில்லியம் நெவின்ஸ் என்னும் போதகர் ஒருவர் 1797இற் பிறந்து, பால்ட்டிமோர் நகரத்துப் பிரெஸ்பிற்றீரியத் திருச்சபையிற் பணிபுரிந்து, 1835இல் இளவயதிலே காலமானார். அவருடைய முழுப்பெயரும் எழுத்துக்கெழுத்து மாறாமல் யாழ்ப்பாணத்துச் சங்குவேலியிற் பிறந்த ஒரு சைவப் பிள்ளைக்கு அக்காலத்திலேயே வழங்கியது நோக்கத்தக்கது.

பெயர் கடல் கடந்தமை

அமெரிக்க மிசனார் யாழ்ப்பாணத்தில் 1816இல் தம் பணியைத் தொடங்கினர். உண்டும் உறைந்தும் கற்கும் பள்ளிகளை அவர் நிறுவினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறியும், 1824இல் உடுவிற் பெண்கள் விடுதிப் பள்ளியும் தோன்றின. ஊணும் உடையும் நூலும் பிள்ளைகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டன. அச்செலவை ஏற்றோர் அமெரிக்காவில் வாழ்ந்த கொடையாளர். தனியொருவரோ ஒரு சபையாரோ ஒரு பிள்ளைக்கு ஆண்டுதோறும் பணம் அனுப்புவர். அனுப்புவோர் தாம் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்கு இடுமாறு கேட்பர். தம் பெயரையோ, தம் போதகரின் பெயரையோ, இறந்த உறவினரின் பெயரையோ அவர் தெரிந்தனர். இவ்வாற்றால் ஆங்கிலக் குடும்பப்பெயர்கள் இயற்பெயரோடு ஒருங்கே, முழுப்பெயராகவே, தமிழ்ப் பிள்ளைகளுக்கு வந்தன. 1841இல் உதயதாரகைப் பத்திரிகை வெளிவந்தபொழுது அதனை நடத்திய தமிழர் இருவர் பெயர்கள் ஹென்றி மாட்டின், சேத் பேசன் என்பன. பெயரளவில் நோக்குவார் அவர்களை மேனாட்டார் என்றே கருதுவர்.

இதனைப் பிற்காலத்தார் சிலர் கடிந்துரைப்பர். உணவுக்கும் படிப்புக்குமாகப் பெயரை விற்றனர் என்பது அவர் கூற்று. அக்கூற்று முழுதும் பொய்யெனல் ஆகாது. முழுதும் நேரிதெனலும் ஆகாது. பெயர் தெரிந்தவர் கடலுக்கப்பாலிருந்த கொடையாளர். அதனை ஏட்டில் எழுதியவர் மிசனார். பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டார் இலர். தந்தைக்கு அக்காலத்தில் உயர்ந்த கல்விக்கு வேறு வாயில் அரிதாயிருந்தது. தான் இட்ட பெயரை மற்றொருவர் மாற்ற இசைதல் தமிழ்த் தந்தைக்குச் சிறிய இழப்பன்று. அவ்விழப்பை அவன் பொறுத்தது மகன் வாழ்வு கருதியே என்க.

இட்ட பெயர் மனத்தையும் மாற்றியதோவெனின், எல்லாரிடத்தும் மாற்றவில்லை. 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் வட்டுக்கோட்டையிற் பயின்றவர்களே. ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை, மற்றவர் கறோல் விசுவநாதபிள்ளை. கறோல் என்பது அயர்லாந்துக் குடும்பப்பெயர். வீசகணித நூல் இயற்றிய அவர், ஆறுமுக நாவலரோடு முதலில் மாறுபட்டு வாதிட்டுப் பிற்காலத்திற் சைவராயினார். எனினும் கறோல் என்னும் பெயர் அவரை விட்டு நீங்கவில்லை. இன்றும் நூல் வரலாற்றில் அவர் அப்பெயராலேயே அறியப்படுகின்றார்.

சங்குவேலியிலிருந்து இந்துக் கல்லூரிக்கு

வில்லியம் நெவின்ஸ் என்னும் பெயர் பெற்றவர் முத்துக்குமாரர் மகன் சிதம்பரப்பிள்ளை. அவர் 1820 முதல் 1889 வரை வாழ்ந்தவர். வட்டுக்கோட்டையிற் கற்றுத் தேர்ந்து, ‘நியாய இலக்கணம்’ என்னும் தருக்க நூலைத் தமிழில் இயற்றினார். மேனாட்டுத் தருக்க முறையைத் தமிழ் மாணவர்க்கு விளங்கவைத்த முயற்சிகளுள் அஃது ஒன்று. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் ஆங்கில ஆசிரியராயிருந்த அவர், தம் முதுமையில், 1880களின் பிற்பகுதியில், நகரத்தில் ஓர் ஆங்கில உயர்தரப் பாடசாலையைத் தாமே தொடங்கினார். அப்பாடசாலை வழக்கறிஞர் நாகலிங்கம் என்பார் கைக்கு மாறிப் பின்னர், 1890இல், சைவபரிபாலன சபையாரின் பொறுப்பிற்கு வந்தது. அதுவே வளர்ந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாயிற்று. அவர் மைந்தர் நெவின்ஸ் செல்வத்துரை அக்கல்லூரிக்கு 1890களில் தலைமை ஏற்று, நீண்டகாலம் அதனை நடத்திப் பெருக்கினார்.

ஆகவே, மிசன் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு இடப்பட்ட குடும்பப்பெயர், சைவப் பிள்ளைகளுக்கென எழுந்த கல்லூரியின் தலைமையாசிரியர் பெயரில் நின்றது. சிறு தூயோன் எனப் பொருள்படும் கேலிக் பெயரும், தில்லைப் பதியின் பெயர் பொருந்திய சிதம்பரப்பிள்ளை என்னும் தமிழ்ப் பெயரும் ஒருவரிடத்தே கூடிநின்றன. பெயரை மாத்திரம் கண்டு ஒருவருடைய உள்ளத்தை அளத்தல் எத்துணைப் பிழையாகும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதின்று.

தமிழ் முறையின் ஆற்றல்

இனி, அப்பெயர் நின்ற இடத்தை நோக்குதல் வேண்டும். ஆங்கில முறைப்படி நெவின்ஸ் என்பது இறுதியில் வருதற்குரியது. மகனிடத்தோ அது ‘நெவின்ஸ் செல்வத்துரை’ என முன்னே வந்தது; சுருக்கமாக எழுதுமிடத்து ‘ந. செல்வத்துரை’ என முதலெழுத்தாயிற்று. அஃதாவது, தமிழ்க் குடும்பம் ஆங்கிலக் குடும்பப்பெயரைக் குடும்பப்பெயராக ஏற்கவில்லை. தந்தை பெயராக ஏற்றது. சொல் அயலது, அதனை நிறுத்திய முறை தமிழரது.

வைமன் கதிரைவேற்பிள்ளை என்பாரிடத்தும் இதனையே காணலாம். வைமன் என்பது ‘போர்க் காவலன்’ என்னும் பொருள்தரும் பழைய ஆங்கில இயற்பெயரின் வழிவந்த குடும்பப்பெயர். தமிழ் அகராதி தொகுத்த அப்பெரியாரின் பெயரில் அது முன்னே நின்றது. அவர் மைந்தரும் சட்டநிரூபண சபை அங்கத்தவருமாகிய பாலசிங்கமோ ‘க. பாலசிங்கம்’ எனப்பட்டார். கதிரைவேற்பிள்ளையின் ககரமே அம்முதலெழுத்து. வைமன் ஒரு தலைமுறையோடு ஒழிந்தது. ஆங்கில நாட்டில் ஐந்நூறு ஆண்டு நின்ற முறை, தமிழர் வீட்டில் ஒரு தலைமுறைக்கு மேல் நிற்கவில்லை.

வன்னி நாட்டில் இதற்கு முன்னரும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு. ஒல்லாந்தர் ஏடுகளில் வன்னித் தலைவர் ஒருவர் டொன் பிலிப்பு நல்லமாப்பாண வன்னியன் எனக் காணப்படுகின்றார். டொன் என்பது போத்துக்கேயர் வழங்கிய மதிப்புச்சொல். பிலிப்பு ஞானஸ்நானப் பெயர். இரண்டும் முன்னே ஒட்டின; நல்லமாப்பாணன் என்னும் பெயரும் வன்னியன் என்னும் பட்டமும் உள்ளே மாறாது நின்றன. 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி ஆங்கிலரை வெளியேற்றிய பண்டாரவன்னியன் பெயரில் அயல்மொழி ஒட்டு ஒன்றும் இல்லை. முன்னே ஒட்டியது உதிர்ந்தது. வழிவழி வந்த பட்டம் நிலைத்தது. வன்னியன் என்பதே தமிழர் பெயர்களுள் ஆங்கிலக் குடும்பப்பெயரை ஒருவாறு ஒத்தது எனலாம். இறுதியில் நின்று வழியுணர்த்தலின்.

எல்லாப் பெயரும் உதிர்ந்தன என்று கொள்ளற்க. கிறித்தவராய் நிலைத்த குடும்பங்களில் ஆங்கிலப் பெயர் ஆங்கில முறைப்படி இறுதியில் நின்று வழிவழி வந்தது. ஹென்ஸ்மன் என்பது அத்தகையது. குதிரை பேணுவோன் என்பது அதன் பழம்பொருள். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துச் சைவ உலகின் நன்மதிப்பைப் பெற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையின் மைந்தர் அழகசுந்தரம், பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்னும் பெயரால் வழங்கினார். அரசன் கோட்டை எனப் பொருள்படும் ஊர்ப்பெயரடியாகப் பிறந்த குடும்பப்பெயர் அது. அப்பெயர் பூண்ட அவரே, பிலிப்ஸ் என்னும் மேனாட்டாரோடு சேர்ந்து, சைவ சமய குரவரின் பாடல்களை ஆங்கிலத்திற் பெயர்த்து 1921இல் வெளியிட்டார். இங்கும் பெயர் ஒருபால், உள்ளத்தின் ஈடுபாடு ஒருபாலாக நின்றமை காண்க.

இக்காலத்து நிலை

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழ்க் குடும்பத்தின் முறை ஆங்கிலப் பெயரைத் தன்வயப்படுத்தியது. இக்காலத்திலோ நிலை மறுதலையாகின்றது. 1983இன் பின்னர் வன்னியினின்றும் யாழ்ப்பாணத்தினின்றும் பல்லாயிரவர் மேனாடுகளிற் குடியேறினர். அந்நாடுகளின் படிவங்களிற் குடும்பப்பெயர் என ஒரு கட்டம் உண்டு. தந்தை பெயரை அதில் எழுதினார் ஒருசாரார். தம் பெயரையே எழுதினார் மற்றொரு சாரார். இதனால் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒருவர் கனடாவிலும் ஒருவர் ஜேர்மனியிலும் வேறுவேறு குடும்பப்பெயர் உடையராய் வாழ்தல் காணப்படுகின்றது. அவர்தம் மக்களிடத்து அப்பெயர்கள் மாறாமற் செல்லும். செட்டிகுளத்திலோ நெடுங்கேணியிலோ வயல் உழுத கந்தசாமி என்பவரின் இயற்பெயர், அவரைக் கண்டறியாத கொள்ளுப்பேரனுக்கும் குடும்பப்பெயராய் நிற்கும். லூயிஸ் என்னும் இயற்பெயரும், வேல்சு நாட்டு ஹவெலும் குடும்பப்பெயரான நெறி இதுவே. சொல் தமிழாயிருக்க, நிறுத்தும் முறை ஆங்கிலமாயிற்று.

நாட்டினுள்ளும் ஏட்டின் ஆணை சிறிதன்று. 2009இற் செட்டிகுளத்து முகாம்களிற் பதியப்பட்டவருட் பிறப்புச் சான்றிதழையும் காணியுறுதியையும் இழந்தார் பலர். அந்நிலையில் ஒருவர் பெயர் எழுதுவோர் செவிப்பட்டவாறே ஏறும். ஓரெழுத்து மாறின், பின்னர்த் தந்தையும் மகனும் ஒருவர்க்கொருவர் உறவினர் என மெய்ப்பித்தற்கே சான்று தேட வேண்டிவரும். தூயோனையும் எலும்பையும் ஒன்றாக்கிய பழைய எழுத்தரின் பிழை, வேர்ச்சொல் ஆராய்வோர்க்குச் சுவையான செய்தியாகலாம். அத்தகைய பிழை தம் குடும்பத்தில் நேர்ந்தார்க்கோ அது காணியும் உரிமையும் பற்றியது.

நெவின்ஸ் என்னும் பெயரின் வரலாறு உணர்த்துவன இவை: பெயர் ஒருவருடைய சமயத்தையோ பற்றையோ முடிவாகக் காட்டுவதன்று, பெயரை நிலைப்பிப்பது பெரும்பாலும் அதனை எழுதும் கை, எழுதப்படாத பெயர் இரண்டு தலைமுறையில் மறையும். சிதம்பரப்பிள்ளை அயலார் ஈந்த பெயரோடு கல்வியையும் பெற்றார். பெற்ற கல்வியைத் தம் மக்களுக்குப் பாடசாலையாகத் திருப்பி ஈந்தார். பெயரைக் கொண்டு அவரை இகழ்வோர் அப்பாடசாலையை மறந்தவராவர்.

வவுனியாப் பகுதியிற் பயிலும் மாணவர் இதனைக் கருத்திற்கொண்டு செய்தற்குரிய எளிய பணி ஒன்றுண்டு. பாட்டனும் பாட்டியும் உயிரோடிருக்கும் வீடுகளில், அவர் தந்தை, பாட்டன், பூட்டன் பெயர்களையும், அவ்வாறே தாய்வழிப் பெயர்களையும், ஊரோடும் குளத்தோடும் கேட்டு ஓர் ஏட்டில் எழுதிவைத்தல் வேண்டும். படிவத்தின் கட்டத்தில் எப்பெயரை எழுத நேரினும், அப்பெயர் எங்கிருந்து வந்தது என்பதை அவ்வேடு பின்வருவார்க்கு உரைக்கும்.